மாவுக்காரியின் உடம்பு

ஜெயக்கொடி என்ன சாப்பிடுகிறாள் என்பதைக் கிட்ட இருந்து பார்த்த ஒரே ஆள் அவள் கணவன் சிவபெருமாள். காலையில் இரண்டு இட்லி. மதியம் ஒரு கரண்டிச் சோறு. பொழுது சாய்ந்ததும் ஒரு தோசை, அதிலும் பாதியைத் தட்டிலேயே வைத்துவிடுவாள். மற்றவர்கள் பார்த்ததெல்லாம் அவள் உடம்பைத்தான்.

தூத்துக்குடியில் உப்பளங்களுக்குப் போகும் சாலையை ஒட்டி இருந்தது சங்குகாரத் தெரு. அதன் முனையில் அவர்களுடைய மாவுக்கடை. அரிசியும் உளுந்தும் ஆட்டுவது சிவபெருமாள் வேலை. உப்புப் போட்டுக் கையால் கரைத்து வைப்பது ஜெயக்கொடி வேலை. தெருவில் பாதிப் பேர் துறைமுக அலுவலகம், வங்கி, பள்ளிக்கூடம் என்று உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள். மீதிப் பேர் விடிவதற்கு முன்னாலேயே உப்பளத்துக்குக் கிளம்பிவிடுகிறவர்கள். இரண்டு சாராரும் ஒரே மாவைத்தான் வாங்கினார்கள்.

வாங்குகிறவர்கள் போகிற போக்கில் ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போவார்கள். கொள்ளு ஊறவைத்துத் தின்னு. வெந்நீரில் சீரகம் போட்டுக் குடி. கடல் ஊருக்குள் ஏறி வந்த பிறகு கட்டிய நெடுஞ்சுவர் மேல் தினமும் நட. ஜெயக்கொடி எல்லாவற்றையும் செய்தாள். "மாவு ஆட்டுற வீட்ல ருசி பாக்காம இருக்க முடியுமா?" என்று ஒருத்தி கேட்டுச் சிரித்தபோது இவளும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கு அந்தப் பாதித் தோசையும் இறங்கவில்லை. சிவபெருமாளுக்கே சில சமயம் சந்தேகம் வரும், நாம் இல்லாத நேரத்தில் எதையாவது தின்கிறாளோ என்று. அதை அவளிடம் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

டாக்டர் ரோஸ்லின் ஒரு கண்ணாடிக் குழாயை நீட்டி ஊதச் சொன்னது மாசி மாதத்தில். குழாயின் நுனி மஞ்சளாக மாறியது.

"உங்க குடல்ல ஈஸ்ட் அளவுக்கு மேல வளந்திருக்கும்மா" என்றார் டாக்டர். "காளான் சாதி. எல்லார் வயித்துலயும் கொஞ்சம் இருக்கும். சிலருக்குப் பெருத்துப் போகும். அது சர்க்கரை வேணும் வேணும்னு கேக்கும், கொழுப்பக் கரைய விடாது. நீங்க எவ்வளவு பட்டினி கிடந்தாலும் எடை இறங்காது. இதுக்கு லகுன்னு ஒரு மாத்திரை வந்திருக்கு. அதச் செய்ற கம்பெனி அப்படித்தான் சொல்லுது. எல்லா டாக்டரும் அத ஒத்துக்கிடல, அதையும் சொல்லிடுதேன். ஆனா மாத்திரை கேக்குது. நானே நாலஞ்சு பேர்ட்ட பாத்துட்டேன்."

"அப்போ நான் தின்னதால இல்லையா டாக்டர்?"

"உங்க தப்பு இல்லம்மா."

ஜெயக்கொடி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சிவபெருமாளை உள்ளே கூப்பிட்டு, "அத இவங்கட்ட ஒரு தடவ சொல்லுங்க டாக்டர்" என்றாள். டாக்டர் சொன்னார். சிவபெருமாள் தலையை ஆட்டினான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அழுதுகொண்டே வந்தாள். வருத்தத்தில் அழுகிற அழுகை இல்லை என்பது அவனுக்கே தெரிந்தது.

லகு மாத்திரைக்குள் இருந்ததும் ஈஸ்ட்தான், ஆய்வுக்கூடத்தில் மாற்றி வளர்த்தது. பழைய ஈஸ்ட்டைத் தள்ளிவிட்டு அது குடலில் குடியேறும். சாப்பிடுகிற சர்க்கரையில் பாதியை அதுவே தின்று காற்றாக்கிவிடும். ஏப்பம் மட்டும் கொஞ்சம் அதிகமாக வரும் என்று டாக்டர் விளக்கியிருந்தார். விலை அவர்கள் தகுதிக்கு மீறியதுதான். ஆனாலும் வாங்கினார்கள். முதல் மாதம் சேலை தளர்ந்தது. இரண்டாம் மாதம் கழுத்து தெரிந்தது. ஜெயக்கொடி நெடுஞ்சுவர் மேல் நடக்கும்போது முன்னால் போகிறவர்களை முந்திக்கொண்டு போக ஆரம்பித்தாள். கடையில் யோசனை சொல்லிவந்தவர்கள் இப்போது யோசனை கேட்டார்கள். விலையைச் சொன்னதும் பேச்சை மாற்றிக்கொண்டு போனார்கள்.

ஆடி மாதம் வந்தபோது தெருவே இளைக்கத் தொடங்கியிருந்தது.

கணக்கு டீச்சர் புஷ்பகலாவின் உடம்பில்தான் அது முதலில் தெரிந்தது. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு ஏறிய உடம்பு எட்டு வருஷமாக இறங்காமல் இருந்தவள். வங்கியில் வேலை பார்த்த தணிகாசலத்தின் தொந்தி காணாமல் போனது. சிவபெருமாளுக்கே வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மூட்டை தூக்குவதால் என்று நினைத்துக்கொண்டான். மாவைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பி, பக்கத்துத் தெருக்களிலிருந்தும் ஆட்கள் பாத்திரத்தோடு வந்தார்கள். சாயங்காலங்களில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஏப்பச் சத்தம் கேட்டது. உளுந்து நல்ல உளுந்து, அதுதான் காரணம் என்று சிவபெருமாள் எல்லோரிடமும் சொன்னான். அவன் நம்பித்தான் சொன்னான்.

இசக்கியம்மாள் உப்பளத்தில் விழுந்தது அந்த மாதக் கடைசியில். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள் அப்படியே மடங்கி உப்புத் தண்ணீரில் கிடந்தாள். அவளுக்கு இளைப்பதற்கு என்று உடம்பில் ஒன்றும் இருந்ததில்லை. வெயிலில் வற்றிய தேகம். இப்போது அதுவும் போய்க் கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. ஊரெல்லாம் காசநோய் என்றார்கள். சோதித்ததில் இல்லை. உப்பளத்துக்குப் போகிற மற்றப் பெண்களுக்கும் மயக்கம் வந்தது. அதிகாரிகள் வந்து தெருவின் தண்ணீர்த் தொட்டியைச் சோதித்துவிட்டு, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் காலை இசக்கியம்மாள் கடைக்கு வந்து, மாவு வாங்காமல் நின்றாள்.

"அண்ணாச்சி, உங்க லோடு ஆட்டோவுல மாரியக் கூட்டிட்டுப் போகணும். அஞ்சாம் மாசம். புள்ள வளரலைங்காவ."

மாரிச்செல்வி அவளுடைய மகள். கட்டிக்கொடுத்த இடத்தில் மாப்பிள்ளை கப்பல் வேலைக்குப் போய்விட்டதால் அம்மா வீட்டில்தான் இருந்தாள். ஆட்டோவில் வரும்போது அவள் கையைச் சிவபெருமாள் பார்த்தான். வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது.

டாக்டர் ரோஸ்லின் வயிற்றை அளந்து பார்த்தார், நாடி பார்த்தார். ஏதோ தோன்றியவராகக் கண்ணாடிக் குழாயை எடுத்து ஊதச் சொன்னார். நுனி பச்சையாக மாறியது.

"நீ லகு சாப்பிட்டியாம்மா?"

"அப்படின்னா என்ன டாக்டர்?"

டாக்டர் இசக்கியம்மாளையும் ஊதச் சொன்னார். பச்சை. "வீட்ல என்ன சாப்பிடுதீங்க?" என்று கேட்டார்.

"வேற என்னத்த டாக்டர், இவளுக்கு வாய்க்குப் பிடிக்கிறது இட்லி ஒண்ணுதான். காலையிலயும் சாயங்காலமும் அவிச்சுப் போடுதேன். ஆஸ்பத்திரியில கூட இட்லிதான குடுக்காவ?"

டாக்டர் சிவபெருமாளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குழாயை அவனிடமும் நீட்டினார். ஊதுவதற்கு முன்பே என்ன நிறம் வரும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டர் தகவல் சொல்லி, கம்பெனியிலிருந்து அகிலன் என்று ஒருவர் வந்தார். சென்னைக்காரர். லகு ஈஸ்ட்டை உருவாக்கிய குழுவில் இருந்தவர். ஜெயக்கொடி நெடுஞ்சுவருக்குப் போயிருந்த நேரம் அது. அவர் மாவுச் சட்டிகள், கிரைண்டர் கல், மரக்கரண்டி எல்லாவற்றிலும் பஞ்சை ஒற்றி எடுத்துச் சின்னச் சின்னக் குப்பிகளில் போட்டார். எல்லாம் பச்சை.

"இட்லி ஆவியில வேகுதே சார்" என்றான் சிவபெருமாள். "அதுல எப்படி உயிரோட இருக்கும்?"

"சாதாரண ஈஸ்ட் செத்துரும். நாங்க செத்துப் போகாத மாதிரி பண்ணிட்டோம்." அகிலன் அதை ஒரு தவறைச் சொல்வதுபோலச் சொல்லவில்லை. "மாத்திரை கிராமம் வரைக்கும் போகணும். எல்லா இடத்துலயும் ஃப்ரிட்ஜ் இருக்காது. வெயில்ல நிக்கிற லாரியில தாங்கணும், சுடுகாபியோட முழுங்கினாலும் தாங்கணும். அதனால கெட்டியான ஓடு போட்டுக்குற மாதிரி மாத்தினோம். இட்லி மாவை நாங்க யோசிக்கல சார்."

"வீட்டுக்காரி கையால கரைக்கா. அவ கையில இருந்து போயிருக்குமா?"

"கையில இருந்து இவ்வளவு வராது. ஆரம்பத்துலயே நிறைய விழுந்திருக்கணும். யாரோ ஒரு மாத்திரைய உடைச்சுப் போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் நீங்க பழைய மாவுல கொஞ்சம் எடுத்துப் புது மாவுல விடுறீங்க இல்லையா, அது போதும்."

சிவபெருமாள் அது யார் என்று கேட்காமல் வேறொன்று கேட்டான்.

"சார், லகு அந்தப் பெருத்துப்போன ஈஸ்ட்டத் தள்ளித்தான் எடையக் குறைக்குதுன்னாங்க. மாரிச்செல்விக்கு அப்படி ஒரு நோவும் இல்ல. அவளுக்கு எதுக்கு இளைக்கணும்?"

அகிலன் பையை மூடினார். "அது... ஒரு காரணம் வேணும்ல சார். மாத்திரைன்னா ஒரு நோய் இருக்கணும். குடல்ல ஈஸ்ட் கூடுதலா இருக்கறவங்க குண்டாவும் இருக்காங்க, ஒல்லியாவும் இருக்காங்க. நாங்களே எண்ணிப் பாத்தோம், ஒரு சம்பந்தமும் பிடிபடல. லகு வேலை செய்யறது சர்க்கரையத் தின்னுறதால. யார் வயித்துல போனாலும் தின்னும். இத நான் சொன்னேன்னு வெளிய வேண்டாம்."

ஜெயக்கொடி திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார். அவள் கை கழுவ வாளியண்டை உட்கார்ந்தாள்.

"மாவுல மாத்திரையக் கரைச்சியா?"

அவள் கழுவுவதை நிறுத்தவில்லை. "ஒண்ணே ஒண்ணு. சித்திரையில."

"எதுக்குட்டி?"

"டீச்சர் வந்து அழுதா. அவ வீட்டுக்காரர் வாயக் கட்டு, மாத்திரை எதுக்குங்காராம். புள்ளைங்க கிளாஸ்ல போர்டுல அவள வரைஞ்சு வச்சிருக்கு. அத அழிச்சுட்டுப் பாடம் நடத்திட்டு வந்தேன்னு சொல்லுதா." ஜெயக்கொடி முகத்தைத் திருப்பாமலே பேசினாள். "எனக்கு ஒருத்தங்க உன் தப்பு இல்லன்னு சொன்னாங்க. அத நான் மட்டும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கணுமா? அவளுக்கும் கிடைக்கட்டும்னு போட்டேன். அவள மாதிரி இன்னும் நாலு பேருக்கும் கிடைக்கட்டும்னு."

"இசக்கி?"

"என்ன இசக்கி?"

அவன் சொன்னான். மாரிச்செல்வியின் வளையலைச் சொன்னான். அவள் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"நான் நினைச்சதெல்லாம் என்னைய மாதிரி இருக்கறவங்களத்தான்" என்றாள் கடைசியில். "உப்பளத்துக்காரங்களும் இதே மாவத்தான் வாங்குதாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. தினமும் நான்தான் அள்ளிக் குடுக்கேன். தோணல."

ஈஸ்ட்டைப் பற்றி அகிலன் சொன்னதை அவன் அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான்.

அன்று மத்தியானமே ஜெயக்கொடி இசக்கியம்மாள் வீட்டுக்குப் போனாள். சிவபெருமாள் வாசலோடு நின்றுகொண்டான். இசக்கியம்மாள் உப்பில் வெடித்த பாதங்களை ஒரு சட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெயக்கொடி எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"மாரி ரெண்டு இட்லி போதும்ங்கும்" என்றாள் இசக்கியம்மாள். "நான்தான் அதட்டி மூணாவது வைப்பேன் மைனி. புள்ளைக்குப் போய்ச் சேரட்டும்னு."

சட்டித் தண்ணீருக்குள் காலை அலசிக்கொண்டே மேலும் சொன்னாள்.

"நல்லது நினைச்சுத்தான் செஞ்சிருப்பிய. இல்லங்கல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. கேட்டிருந்தா எனக்கு வேண்டாம்னு சொல்லியிருப்பேன்." பாதத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துணியில் துடைத்தாள். "சரி. போயிட்டு வாங்க."

லகுவைக் கொல்லும் மாத்திரை கம்பெனியிடம் இருந்தது. கர்ப்பிணிக்கும் ஆபத்தில்லாதது. தெருவில் உள்ள எல்லோரும் ஒரே நாளில் விழுங்கினால்தான் பலிக்கும். ஒருத்தர் வயிற்றில் மிஞ்சினாலும் மறுபடி பரவிவிடும் என்று அகிலன் சொன்னார். இலவசமாகத் தருவதாகவும், பூச்சி மாத்திரை என்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். கம்பெனிப் பெயர் வெளியே வராமல் முடிந்தால் எல்லோருக்கும் நல்லது என்றார்.

"அப்படிச் சொல்லிக் குடுக்க மாட்டேன்" என்றாள் ஜெயக்கொடி.

"மேடம், விஷயம் தெரிஞ்சா பாதிப் பேர் முழுங்க மாட்டாங்க."

"தெரியாம ஒரு தடவ குடுத்தது போதும் சார்."

ஆகவே தெருக்காரர்களைக் கடை முன்னால் கூட்டி அவளே சொன்னாள். மாத்திரையை உடைத்துப் போட்டதையும், உப்பளத்துப் பெண்கள் மயங்கி விழுந்தது எதனால் என்பதையும், மாரிச்செல்வியின் வயிற்றுப் பிள்ளையையும். எல்லோர் முன்னாலும் முதல் மாத்திரையை அவளே விழுங்கித் தண்ணீர் குடித்தாள். சட்டிகளை உடைத்துப்போட்டார்கள். கிரைண்டர் கல்லை அகிலன் கொடுத்த திரவத்தில் ஊறவைத்துக் கழுவினார்கள். திட்டுவார்கள் என்று சிவபெருமாள் எதிர்பார்த்திருந்தான். ஒருவரும் திட்டவில்லை. உப்பளத்துக்காரர்கள் மாத்திரையை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் வீட்டில் போய்ச் சாப்பிட்டுக்கொள்கிறோம் என்று வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஜெயக்கொடிக்கு உடம்பு திரும்ப வந்தது. வேகமாகவே வந்தது. "பழைய ஈஸ்ட் திரும்ப வந்துட்டு போல" என்றாள் ஒருநாள், ரவிக்கையின் தையலைப் பிரித்து விட்டுக்கொண்டே. அவள் அதைச் சொன்ன விதத்தில் வருத்தம் இருந்தது, வெட்கம் இல்லை. சிவபெருமாள் வாயைத் திறந்தவன், "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு உளுந்தைக் களைய ஆரம்பித்தான். அதன் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவே இல்லை.

மாரிச்செல்வியின் வயிற்றில் குழந்தை எடை ஏறியது. இசக்கியம்மாள் மறுபடி வேலைக்குப் போனாள். ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். தெருப் பெண்கள் அவரவர் வீட்டிலிருந்து புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு என்று தூக்குச்சட்டிகளில் கொண்டுவந்து வைத்தார்கள். மாரிச்செல்வி எல்லாவற்றிலும் ஒரு வாய் சாப்பிட்டாள். அடுத்த முறை டாக்டரிடம் போனபோது குழாய் மறுபடி பச்சையானது.

"சோத்துல எப்படி டாக்டர்? அது மாவு இல்லையே" என்று சிவபெருமாள் கேட்டான்.

"அந்தச் சோத்தைப் பிசைஞ்ச கை மாவு கரைச்ச கைதானே" என்றார் டாக்டர் ரோஸ்லின்.

யார் வீட்டு மாவு என்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. புஷ்பகலா டீச்சர் பழைய மாவில் ஒரு கிண்ணம் ஃப்ரிட்ஜில் எடுத்துவைத்திருந்தாள். அதை வைத்து வீட்டிலேயே ஆட்டி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடி போய்க் கதவைத் தட்டினாள். சிவபெருமாளும் கூடப் போனான்.

"வாங்கக்கா" என்றாள் புஷ்பகலா. சேலையை இடுப்பில் இழுத்துச் செருகியிருந்தாள். கதவுக்கு நடுவில் நின்றதால் உள்ளே போக வழியில்லை.

"டீச்சர், அந்தப் புள்ளைக்குத் திரும்ப வந்துட்டு. இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு. மாத்திரையப் போட்டிருங்க. மாவக் கொட்டிருங்க."

"நீங்க மறுபடி ஊதிட்டீங்க. அதான் எங்களையும் ஊதச் சொல்லுதீங்க."

சிவபெருமாளுக்குக் காது சூடேறியது.

புஷ்பகலாவே தொடர்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "கோபப்படாதீங்கக்கா. எட்டு வருஷத்துல இப்பத்தான் நான் ஒரு கடையில ஏறி எனக்குச் சேலை எடுத்தேன். வீட்டுக்காரர் என்கூட வெளிய வாராரு. நீங்கதான குடுத்தீங்க. குடுத்தத எப்படிப் பிடுங்குவீங்க? அந்தப் பொண்ணு எங்கயாவது ஒரு வருஷம் போய் இருந்து பெத்துட்டு வரட்டும். அவளுக்கு ஒரு வருஷம். எனக்கு இது காலத்துக்கும்."

"இசக்கியும் மத்தவங்களும்?"

புஷ்பகலா கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

புகார் கொடுக்கலாம் என்று சிவபெருமாள் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனான். அவன் சொன்னதை ஓர் அதிகாரி பொறுமையாகக் கேட்டார். மாவில் ஈஸ்ட் இருப்பது குற்றம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை, எல்லா மாவிலும் ஈஸ்ட் இருக்கத்தானே செய்கிறது என்றார். ஒருத்தரைப் பிடித்து மாத்திரை விழுங்கவைக்கவும் வழியில்லை.

இசக்கியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் குடிபோனாள். மற்ற உப்பளக் குடும்பங்களும் மாத்திரையை மறுபடி விழுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போயின. துரத்தியவர்கள் ஒருவரும் இல்லை. வேலை செய்து பிழைக்கிறவர்களுக்கு அந்தத் தெருவில் சாப்பாடு ஒட்டவில்லை, அவ்வளவுதான். காலியான வீடுகளைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். பெரிய கார்களில் வந்தார்கள். சங்குகாரத் தெருவில் மூன்று மாதம் இருந்தால் போதும், இளைத்துவிடலாம் என்று பேச்சு பரவியிருந்தது. உப்பு வாரும் பெண்கள் இருந்த வீட்டில் மதுரையிலிருந்து ஒரு நகைக்கடைக் குடும்பம் வந்து குளிர்சாதனம் மாட்டியது.

அகிலன் மறுபடியும் வந்தது அப்போதுதான். இந்த முறை குப்பிகள் கொண்டுவரவில்லை.

"மேடம், எங்க லேப்ல இருக்கறத விட உங்க மாவுல வளந்தது நல்லா இருக்கு. அரிசியும் உளுந்தும் அதுக்குப் பிடிச்சுப் போச்சு. கம்பெனியே இங்க மாவுக்கடை நடத்தலாம்னு இருக்கு. நீங்க பாத்துக்கணும். உங்களுக்கு லகு ஆயுசுக்கும் ஃப்ரீ."

சிவபெருமாள் மனைவியைப் பார்த்தான். அவள் சரி என்று சொன்னால் அவன் மறுத்திருக்க மாட்டான். நெடுஞ்சுவர் மேல் மற்றவர்களை முந்திக்கொண்டு நடந்த ஜெயக்கொடியை அவனுக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் அந்த ஜெயக்கொடியைப் பிடித்திருந்தது என்பது அவனுக்குத் தெரியும்.

"வாங்க வாரவங்கள்ட்ட இதுல என்ன இருக்குன்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"பாக்கெட்ல அச்சடிச்சிருக்கும் மேடம்."

"இசக்கிக்கு வாசிக்கத் தெரியாது."

அகிலன் இன்னும் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார். பிறகு எதிர் வரிசையில் நடந்து போய்ப் புஷ்பகலா வீட்டுக் கதவைத் தட்டினார். அடுத்த மாதம் டீச்சர் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டாள் என்று கேள்விப்பட்டார்கள். அதற்குள் அவர்களும் கிரைண்டரை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கட்டிக்கொண்டு ரயில் பாதையைக் கடந்திருந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் யாரும் அவர்களிடம் மாவு வாங்கவில்லை. சங்குகாரத் தெருவிலிருந்து வந்த மாவுக்காரி என்றதும் பெண்கள் பாத்திரத்தை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு போனார்கள். புதுச் சட்டி, புதுத் தண்ணீர் என்று சிவபெருமாள் சொல்லிப் பார்த்தான். டாக்டர் ரோஸ்லினிடம் கேட்டுக் குழாய் வாங்கிவந்து, கடை வாசலில் நின்று ஊதிக் காட்டினான். அந்தக் குழாய் என்ன சொல்கிறது என்று அங்கே யாருக்குத் தெரியும்? ஆட்டிய மாவு புளித்துப் பொங்கிச் சாக்கடைக்குப் போயிற்று.

மாரிச்செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவுதான், ஆனால் குரல் நன்றாக இருந்தது. குழந்தைக்கு முப்பது கழிந்த பிறகு ஒருநாள் காலையில் இசக்கியம்மாள் கடைக்கு வந்தாள். கையில் பாத்திரம் இல்லை. பலகையில் உட்கார்ந்தாள்.

"அவிச்சது இருக்கா மைனி?"

ஜெயக்கொடி அடுப்பிலிருந்து ஒரு ஈடு இட்லி இறக்கித் தட்டில் எடுத்து வைத்து நீட்டினாள். இசக்கியம்மாள் தட்டைத் தொடவில்லை.

"எனக்கு இல்ல. நீங்க தின்னுங்க."

ஜெயக்கொடி ஒன்றும் கேட்காமல் அவள் எதிரே உட்கார்ந்தாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். இரண்டு தின்றாள். இசக்கியம்மாள் அசையாமல் இருந்தாள். மூன்றாவதையும் எடுத்தாள். நான்காவதும் உள்ளே போயிற்று. அவ்வளவு பேர் பார்க்க அவள் சாப்பிட்டதை, கட்டிய இத்தனை வருஷத்தில் சிவபெருமாள் பார்த்ததில்லை. அவன் சட்டினிக் கிண்ணத்தைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தான்.

"நாளைக்கும் வாரேன்" என்று எழுந்தாள் இசக்கியம்மாள்.

மறுநாளும் வந்தாள். வேலைக்குப் போகும் வழியில், அதற்கடுத்த நாட்களிலும் வந்தாள். உட்கார்ந்து, ஜெயக்கொடி சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு எழுந்து போவாள். சில நாள் கூட இரண்டு மூன்று பெண்களும் வந்து நின்றார்கள். அவர்கள் இட்லியைப் பார்க்கவில்லை, ஜெயக்கொடியைத்தான் பார்த்தார்கள். மேல்கையை, இடுப்பை, கழுத்தைப் பார்த்தார்கள். சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல இருக்கிறது என்று சிவபெருமாளுக்கு ஆத்திரமாக வந்தது. ஜெயக்கொடி அவனைப் பேச விடவில்லை.

அடுத்த ஐப்பசி மழை தொடங்கி உப்பளங்களில் வேலை நின்ற சமயம், இசக்கியம்மாள் ஒரு தூக்குச்சட்டியோடு வந்தாள். பின்னால் மாரிச்செல்வி, தோளில் குழந்தையோடு.

"ஒரு சுத்துக்கூடக் குறையல மைனி நீங்க" என்றாள் இசக்கியம்மாள். "ஒரு படி ஊத்துங்க."

அன்று மத்தியானத்துக்குள் மாவு தீர்ந்துபோயிற்று. அதன் பிறகு அந்தப் பக்கத்தில் புதிதாகக் குடிவருகிறவர்கள் எந்தக் கடையில் மாவு வாங்கலாம் என்று கேட்டால், முனைக்கடையைக் கைகாட்டினார்கள். அங்கே போனவர்கள் முதலில் ஜெயக்கொடியை ஏற இறங்க ஒரு தடவை பார்த்தார்கள். பார்த்த பிறகுதான் பாத்திரத்தை நீட்டினார்கள்.